சாம்பல் சேவலுக்கு ஏன் கருப்புக் குஞ்சு? கோழி இறகின் நிறக் கணக்கு

மாசி மாதம் 13 முட்டை அடைக்கு வைத்தேன். 11 பொரிந்தது. மூன்றாம் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் குஞ்சுகள் குருணைத் தட்டைப் பார்த்து ஓடின. பக்கத்தில் நின்ற மதினி அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, சேவலும் சாம்பல், பெட்டையும் சாம்பல். இதுல நாலு குஞ்சு கருகருன்னு இருக்கே, வேற சேவல் எதுவும் மிதிச்சிருச்சா?"

வேறு சேவல் மிதிக்கவில்லை. அந்தச் சோடியை ஒரு மாதமாக வலை அடித்த கூண்டில் தனியாகத்தான் வைத்திருந்தேன். நான்கு கருப்பு, ஐந்து சாம்பல், கிட்டத்தட்ட வெள்ளையாக இரண்டு. பதினொன்றும் அந்தச் சேவலுடைய குஞ்சுகள்தான். மதினியிடம் அன்றைக்கு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சொன்ன விளக்கத்தைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் கோழி இல்லாத வீடு குறைவு. சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டுக்கோழி வகைகளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சில்க்கி, பிரம்மா, பாலிஷ் கேப் என்று ஃபேன்சி கோழி வாங்குகிற இளைஞர்களும் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான்: நினைத்த நிறம் ஏன் குஞ்சில் வருவதில்லை?

சுருக்கமான பதில்: கோழியின் மேலே தெரிகிற நிறம் வேறு, அது உள்ளே வைத்திருப்பது வேறு. குஞ்சுக்குப் போய்ச் சேருவது உள்ளே இருப்பது.

இறகில் இருப்பது இரண்டே சாயம்

கூண்டில் உதிர்ந்து கிடக்கிற இறகு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். நடுவில் தண்டு. அதன் இருபுறமும் சீப்புப் பல் மாதிரி இழைகள். ஒவ்வொரு இழையிலும் இன்னும் பொடியான நுண்ணிழைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். இறகை விரலால் பிரித்தால் கிழிந்த மாதிரி இடைவெளி விழும். பிறகு அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக நீவிவிட்டால் ஜிப் போட்டது மாதிரி மறுபடியும் சேர்ந்துகொள்ளும். சேர்த்து வைப்பது அந்தக் கொக்கிகள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சில்க்கி கோழிக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

இறகில் ஏறுகிற சாயம் மெலனின். அது இரண்டு வகை. யூமெலனின் கருப்பையும் அடர் பழுப்பையும் தரும். ஃபியோமெலனின் செவலை, பொன், மஞ்சள் பழுப்பு எல்லாவற்றையும் தரும். நம் நாட்டுக்கோழியில் பார்க்கிற அத்தனை நிறமும் இந்த இரண்டு சாயத்தின் விளையாட்டு. சேவல் வளர்க்கிறவர்கள் காகம், கீரி, மயில், கொக்குவெள்ளை என்று நிறத்துக்கு வைத்திருக்கிற பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாயம் எந்த இடத்தில் ஏறியது, எங்கே நீர்த்துப்போனது, எங்கே ஏறவே இல்லை என்பதுதான் அவற்றுக்குள் வித்தியாசம். மயில் கழுத்துப் பச்சை மாதிரி கருப்புச் சேவலின் வாலில் மின்னுகிற பச்சைகூடச் சாயம் இல்லை. கருப்புச் சாயம் நுண்ணிழைக்குள் அடுக்கடுக்காக இருப்பதால் வெளிச்சம் அப்படித் திரும்பி வருகிறது. பச்சைச் சாயம் என்று கோழி இறகில் ஒன்று கிடையாது.

எந்த இடத்தில் எந்தச் சாயம் என்று தீர்மானிப்பது மரபணு.

இரண்டு ஓலை

பள்ளிக்கூடத்தில் குடவோலை முறை படித்திருப்போம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ளது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மரபணுக் கணக்குக்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

கோழிக்கு ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு குடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடத்திலும் சரியாக இரண்டு ஓலை. ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, மற்றது அம்மாவிடமிருந்து வந்தது. அந்தக் கோழி தன் குஞ்சுக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கும். எதை என்பது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி. சேவல் குடத்திலிருந்து ஒன்று, பெட்டைக் குடத்திலிருந்து ஒன்று, ஆக குஞ்சின் குடத்திலும் மறுபடி இரண்டு.

இரண்டு ஓலையிலும் ஒரே சேதி எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. வேறு வேறு சேதி இருந்தால்? இரண்டு விதமாக நடக்கலாம். ஒரு சேதி மற்றதை முழுக்க அமுக்கிவிடலாம். அமுக்குவதைப் பாடப்புத்தகத்தில் ஓங்கு பண்பு என்றும், அமுங்கிக் கிடப்பதை ஒடுங்கு பண்பு என்றும் சொல்வார்கள். அல்லது இரண்டும் பாதிப் பாதியாக இழுத்துக்கொண்டு நடுவே ஒரு தோற்றம் வரலாம். அது முழுமையற்ற ஓங்குதன்மை. இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு: பெட்டைக்குச் சில குடங்களில் ஒரே ஓலைதான் இருக்கும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

என் சாம்பல் சோடியில் நடந்தது அந்த நடுவே வருகிற கதை. கருப்புக் கோழியின் நிறத்தை நீர்க்கச் செய்கிற ஒரு ஓலை இருக்கிறது. ஃபேன்சி கோழிக்காரர்கள் இந்தச் சாம்பலை ப்ளூ என்பார்கள். பார்க்க மழைமேக நிறத்தில் இருக்கும். நீர்க்கச் செய்கிற ஓலை ஒன்றுகூட இல்லாவிட்டால் கருப்பு. ஒன்று இருந்தால் சாம்பல். இரண்டும் அதுவாகவே இருந்தால் கிட்டத்தட்ட வெள்ளை, அங்கங்கே மை தெளித்த மாதிரி சாம்பல் திட்டு. அதற்கு ஸ்பிளாஷ் என்று பெயர்.

இப்போது கணக்கைப் போடுங்கள். சாம்பல் சேவலிடம் ஒரு கருப்பு ஓலை, ஒரு நீர்ப்பு ஓலை. சாம்பல் பெட்டையிடமும் அப்படியே. தரையில் நான்கு கட்டம் போட்டு மேலே சேவலின் இரண்டு ஓலையையும், பக்கத்தில் பெட்டையின் இரண்டு ஓலையையும் எழுதி நிரப்பினால் ஒரு கட்டம் கருப்பு, இரண்டு கட்டம் சாம்பல், ஒரு கட்டம் ஸ்பிளாஷ். நாலில் ஒன்று, நாலில் இரண்டு, நாலில் ஒன்று. இந்தக் கட்டத்துக்குப் பன்னெட் கட்டம் என்று பெயர். கேம்பிரிட்ஜில் கோழிகளை வைத்தே மரபணு ஆராய்ச்சி செய்த ரெஜினால்ட் பன்னெட் உருவாக்கியது. 11 குஞ்சுக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 3, 5, 3 வர வேண்டும். எனக்கு 4, 5, 2 வந்தது. குலுக்கல் என்பதால் ஒன்றிரண்டு தள்ளித்தான் வரும்.

இந்தச் சாம்பலுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. ஸ்பெயின் நாட்டு அண்டலூசியன் கோழி இதே நிறத்துக்குப் பேர்போனது. வளர்த்தவர்கள் ஒவ்வொரு ஈட்டிலும் வருகிற கருப்பையும் வெள்ளையையும் கழிவு என்று தள்ளிவிட்டு, சாம்பலையும் சாம்பலையுமே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை தலைமுறை தள்ளினாலும் மறுபடியும் கருப்பும் வெள்ளையும் வந்துகொண்டே இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியல் ஆய்வாளர் வில்லியம் பேட்சனும் பன்னெட்டும், பட்டாணிச் செடியில் மெண்டல் கண்டறிந்த மரபுக் கணக்கைக் கோழியில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிந்தது. முழுக்கச் சாம்பல் குஞ்சு வேண்டுமென்றால் தள்ளிவிட்ட அந்தக் கருப்பையும் ஸ்பிளாஷையும்தான் சோடி சேர்க்க வேண்டும்! கருப்பு கொடுப்பது கருப்பு ஓலை மட்டும், ஸ்பிளாஷ் கொடுப்பது நீர்ப்பு ஓலை மட்டும். பிறக்கிற ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒன்று ஒன்று. நூற்றுக்கு நூறு சாம்பல்.

எனக்கு அந்தச் சோடியை விற்றவர் "எல்லாமே ப்ளூதான் பொரிக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. மேலே தெரிவதை வைத்துச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்த நம்பிக்கையில் நான் இரண்டு மடங்கு விலை கொடுத்தேன். ஒரு கருப்புப் பெட்டையும் ஒரு ஸ்பிளாஷ் சேவலும் கேட்டிருந்தால் விலையும் குறைந்திருக்கும், குஞ்சும் முழுக்கச் சாம்பலாக வந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சாம்பலாகத் தெரிவதெல்லாம் இந்த ப்ளூ இல்லை. லாவெண்டர் என்று வெளிறிய சாம்பல் ஒன்று உண்டு. அது ஒடுங்கு பண்பு, இரண்டு ஓலையும் சேர்ந்தால்தான் தெரியும். லாவெண்டரையும் லாவெண்டரையும் சேர்த்தால் எல்லாம் லாவெண்டர்தான். ப்ளூ கருப்புச் சாயத்தை மட்டும்தான் நீர்க்கச் செய்யும், செவலையைத் தொடாது. லாவெண்டர் செவலையையும் வைக்கோல் நிறமாக்கிவிடும்.

வெள்ளை என்பது சுண்ணாம்பு அடித்த சுவர்

வெள்ளைக் கோழியைப் பார்த்து அதற்குள் என்ன நிறம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. கருப்புச் சுவரோ செவலைச் சுவரோ, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டால் வெள்ளைதானே.

இந்தச் சுண்ணாம்பிலும் இரண்டு வகை. முதல் வகை ஓங்கு வெள்ளை. வெள்ளை லெகார்ன் முட்டைக்கோழியிலும் கறிக்கடை பிராய்லர்களில் பெரும்பாலானவற்றிலும் இருப்பது இது. ஒரு ஓலை போதும், கருப்புச் சாயத்தை அடக்கிவிடும். லெகார்ன் சேவலை நம் கருப்பு நாட்டுப் பெட்டையோடு விட்டால் குஞ்சுகள் வெள்ளையாக வரும். ஆனால் உற்றுப் பார்த்தால் அங்கங்கே கருப்புப் புள்ளி தெறித்திருக்கும். ஒரே ஓலையாக இருக்கும்போது அடக்குவது முழுமையாக நடப்பதில்லை. அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பேரன் பேத்திகளில் நாலில் ஒன்றுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும், அடியில் இருந்த நிறம் வெளியே வரும். இன்னொன்று, ஓங்கு வெள்ளை செவலைச் சாயத்தை அவ்வளவாக அடக்காது. செவலையோடு சேர்ந்தால் வெள்ளையும் செவலையுமாகக் கலந்த கோழி கிடைக்கும்.

இரண்டாவது வகை ஒடுங்கு வெள்ளை. சாயம் தயாரிக்கிற வேலையே இங்கே தடைபட்டிருக்கும். இரண்டு ஓலையும் சேர்ந்தால்தான் வெள்ளை. ஒரு ஓலை மட்டும் இருந்தால் அந்தக் கோழி கருப்பாகவோ செவலையாகவோ எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும், பேச்சு மூச்சு இல்லாமல் ஓலையைச் சுமந்துகொண்டு. அப்படிச் சுமக்கிற சேவலும் பெட்டையும் சேரும்போதுதான் திடீரென்று ஒரு வெள்ளைக் குஞ்சு வந்து நிற்கும். எங்கள் அப்பத்தா காலத்தில் அப்படி ஒரு குஞ்சு பொரித்தால் சாமிக்கு நேர்ந்துவிடுவார்கள். கருப்புக்குக் கருப்பு சேர்ந்து வெள்ளை பிறந்ததை அவர்கள் தெய்வச் செயலாகப் பார்த்தது எனக்கு நன்றாகப் புரிகிறது.

இரண்டு வெள்ளையும் வேறு வேறு குடத்தில் இருப்பவை. அதனால் ஓங்கு வெள்ளைக் கோழியையும் ஒடுங்கு வெள்ளைக் கோழியையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை, ஆனால் பேரன் பேத்திகளில் 16க்கு 3 நிறத்தோடு வரும். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்து ஆரம்பித்த வம்சத்தில் நிறம்! பக்கத்து வீட்டுச் சேவலைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் பார்த்துவிடுங்கள்.

கருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பு முழுக்கக் கருப்பைப் பரப்புகிற ஓலை செவலையை அமுக்கக்கூடியது. ஆனாலும் கருப்பும் செவலையும் சேர்ந்து பிறந்த சேவலின் கழுத்திலும் முதுகிலும் பொன் நிற இறகு கசிந்துவிடுவது உண்டு. கருப்புச் சேவல் வாங்கும்போது கழுத்து இறகைத் தூக்கிப் பாருங்கள். கசிவு இருந்தால் உள்ளே வேறு ஓலையும் இருக்கலாம்.

தாயின் வரி மகளுக்குப் போகாது

மனிதரில் பிறப்பது ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது அப்பாவின் குரோமோசோம். கோழியில் அது தலைகீழ். சேவலிடம் இரண்டு Z என்று வழங்கும் குரோமோசோம், அதாவது இசட்–இசட். பெட்டையிடம் ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவல், டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டை.

சில நிறங்களின் ஓலை இந்த இசட்டின் மேல் இருக்கிறது. அந்தக் குடங்களில் சேவலுக்கு இரண்டு ஓலை, பெட்டைக்கு ஒன்றே ஒன்று. வரிக்கோழியைப் பார்த்திருப்பீர்கள், கருப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை பட்டையாக. இறகு வளரும்போது சாயம் ஏற்றுகிற உயிரணுக்கள் கொஞ்ச நேரம் வேலை செய்து நிற்கும், மறுபடியும் தொடங்கும். அதுதான் பட்டை. இரண்டு ஓலை உள்ள வரிச் சேவல் வெளிறியிருக்கும், ஒரே ஓலையுள்ள வரிப்பெட்டை அடர்ந்த நிறத்தில் இருக்கும். ஒரே வம்சத்தில் சேவல் மட்டும் ஏன் வெளிறியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது வரியில்லாத கருப்புச் சேவலை வரிப்பெட்டையோடு விடுங்கள். பெட்டை தன் ஒரே இசட்டை, அதன் மேல் உள்ள வரி ஓலையோடு, மகனுக்குத்தான் கொடுக்கிறாள். மகளுக்கு அவள் கொடுப்பது டபிள்யூ, அதில் வரி ஓலை கிடையாது. ஆக மகன்கள் எல்லாம் வரி, மகள்கள் எல்லாம் வெறும் கருப்பு. தாயின் வரி மகளுக்குப் போகவே போகாது. பொரித்த அன்றே இது தெரியும்: சேவல் குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும், பெட்டைக் குஞ்சின் தலை முழுக் கருப்பு. ஒரு நாள் குஞ்சில் சேவல், பெட்டை பிரிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு இது பெரிய வரம். நான் முதல் தடவை இப்படிப் பிரித்த குஞ்சுகள் வளர்ந்து, பொட்டு வைத்தவை ஒன்று விடாமல் கூவத் தொடங்கிய காலையை மறக்கமாட்டேன்.

செவலையைக் காட்டுகிற பொன் ஓலையும், அதை வெளிற வைக்கிற வெள்ளி ஓலையும் இசட்டின் மேல்தான். ரோட் ஐலண்ட் ரெட் மாதிரி செவலைச் சேவலை, உடம்பில் வெள்ளி ஓலை உள்ள பெட்டையோடு சேர்த்தால் சேவல் குஞ்சு வெளிறிய மஞ்சளாகவும் பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாகவும் பொரிக்கும். பழுப்பு முட்டையிடும் கோழிகளை உற்பத்தி செய்கிற பெரிய பொரிப்பகங்கள் குஞ்சு பிரிப்பதற்கு நம்பியிருக்கிற வழி இது. ஆனால் இரண்டு உதாரணங்களும் தலைகீழாகச் சேர்த்தால் வேலை செய்யாது. வரிச் சேவல், கருப்புப் பெட்டை என்று விட்டால் மகன் மகள் இருவருக்கும் வரி வந்துவிடும், பிரிக்க முடியாது.

சுருள், பஞ்சு, மொட்டைக் கழுத்து

நிறத்தை விட்டு இறகின் அமைப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இறகு உடம்போடு படியாமல் வெளிப்பக்கம் சுருண்டு, எந்நேரமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற கோழியை ஃப்ரிசில் என்பார்கள். இறகுத் தண்டுக்கு வலு தருகிற கெரட்டின் புரதத்தின் மரபணு ஒன்றில் நேர்ந்த மாற்றம் தண்டை வளைத்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இதுவும் சாம்பல் நிறம் மாதிரி நடுவே வருகிற குணம். ஒரு ஓலை இருந்தால் அழகான சுருள். இரண்டு ஓலை இருந்தால் இறகு நூலாகிப் பொடிந்து உதிர்ந்து, கோழி பாதி அம்மணமாக நிற்கும். மழையும் தாங்காது, குளிரும் தாங்காது. அதனால் சுருளையும் சுருளையும் சேர்க்கவே கூடாது. சுருளோடு சாதாரண இறகுள்ளதைச் சேருங்கள். பாதிக் குஞ்சு சுருளாக வரும், மீதிப் பாதி சாதாரணம். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். அதிகக் குஞ்சு சுருளாக வர வேண்டும் என்ற ஆசைக்காக நாலில் ஒரு குஞ்சை அந்த நிலைக்குத் தள்ளுவது பாவம்.

சில்க்கி கோழிக்கு இறகு பஞ்சு மாதிரி இருக்கும். தொடக்கத்தில் சொன்ன கொக்கிகள் நினைவிருக்கிறதா? சில்க்கியின் நுண்ணிழைகளில் அந்தக் கொக்கி உருவாவதில்லை. ஜிப் இல்லாத சட்டை மாதிரி இழைகள் தனித்தனியாகத் தொங்கும். அதனால் பறக்காது, மழையில் தொப்பலாக நனைந்துவிடும். இது ஒடுங்கு பண்பு. சில்க்கியை நாட்டுக்கோழியோடு சேர்த்தால் முதல் ஈட்டில் ஒரு குஞ்சுக்குக்கூடப் பஞ்சு இறகு வராது. அங்கேதான் பலர் ஏமாந்துபோய் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குஞ்சுகள் அத்தனையும் ஓலையைச் சுமக்கின்றன. அவற்றைத் திரும்பவும் சில்க்கியோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி பஞ்சு.

தலையில் இறகுக் குடுமி முழுமையற்ற ஓங்கு வகை, ஒரு ஓலை இருந்தாலே குடுமி தெரியும்.

இப்போது கழுத்தறுத்தான். கழுத்தில் இறகே இல்லாமல் சிவந்த தோலோடு திரிகிற கோழி. பார்க்க அழகில்லை என்று சந்தையில் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் மதுரைப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது இந்தக் கோழியைக் கவனித்துப் பாருங்கள். மற்றவை நிழலில் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். கழுத்தறுத்தான் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வாய் வழியாகவும், இறகில்லாத தோல் வழியாகவும்தான் வெளியேற்றும். மொட்டைக் கழுத்து அதற்கு ஒரு சன்னல். கழுத்தில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கவே இதற்கு இறகு குறைவு. ஒரு ஓலை உள்ளதில் 20 முதல் 30 சதவீதம் வரையும், இரண்டு ஓலை உள்ளதில் 40 சதவீதம் வரையும் குறையும்.

எத்தனை ஓலை என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம் என்பது இதில் வசதி. முன் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே கொத்தாக இறகு நின்றால் ஒரு ஓலை. கொத்து இல்லாமல், அல்லது நாலைந்து இறகு மட்டும் இருந்து, கழுத்து வழித்துவிட்ட மாதிரி இருந்தால் இரண்டு ஓலை. இரண்டு ஓலை உள்ள சேவல் ஒன்றை வைத்துக்கொண்டால் எந்த நாட்டுப் பெட்டையோடு விட்டாலும் எல்லாக் குஞ்சும் மொட்டைக் கழுத்துதான். ஏன் கழுத்து மட்டும் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. இந்த மரபணு மாற்றம் இறகு முளைப்பதைத் தடுக்கிற ஒரு புரதத்தை அதிகமாக்குகிறது. கழுத்துத் தோலில் இயல்பாகவே இருக்கிற வைட்டமின் ஏ வழிப்பொருள் ஒன்று அந்தத் தடையை இன்னும் கூர்மையாக்கிவிடுகிறது. மற்ற இடங்களில் இறகு குறைகிறது, கழுத்தில் அறவே நின்றுவிடுகிறது. வெயில் ஏறிக்கொண்டே போகிற நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்று சந்தைக்காரர்கள் உணர வேண்டும் என்பது என் ஆசை.

தோல் நிறம் வேறு கணக்கு

கருங்கோழி என்று இங்கே விற்கிற கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி. 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தோலும் சதையும் கருப்பதற்குக் காரணமான ஓலை, இறகைக் கருப்பாக்கும் ஓலை அல்ல. இரண்டும் தனித்தனிக் குடம். வெள்ளைச் சில்க்கியின் இறகை விலக்கிப் பார்த்தால் தோல் கருநீலமாக இருப்பதைக் காணலாம். அதனால் இறகு கருப்பாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கருங்கோழி விலை கொடுக்காதீர்கள். வாயைத் திறந்து நாக்கையும், இறகை விலக்கித் தோலையும் பாருங்கள்.

மஞ்சள் கால் கோழிக்கு நம் மலைகளோடு உறவு உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி மேகமலை, கொடைக்கானல் சரிவு உட்பட மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிவது. கழுத்து இறகின் நுனியில் மெழுகு வைத்த மாதிரி மஞ்சள் பொட்டு இருக்கும். உலகம் முழுக்க மஞ்சள் காலோடு திரிகிற கோழிகளுக்குள் தென்னிந்தியக் காட்டின் ஒரு ஓலை இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அதற்காக யாரும் காட்டுக்கோழியைப் பிடித்து வந்துவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தொடங்குகிறவர்களுக்கு

முதல் வேலை தனிக்கூண்டு. பெட்டைக்கோழியின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும். புதுச் சேவலோடு விட்ட அடுத்த நாள் இட்ட முட்டை பழைய சேவலுடையதாகவே இருக்கலாம். மூன்று வாரமாவது பழைய சேவலிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு, அப்புறம் வருகிற முட்டையை அடைக்கு எடுங்கள். மதினியின் சந்தேகத்துக்கு நான் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது இதனால்தான்.

அடுத்தது நோட்டு. காலில் வளையம் மாட்டி, எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எத்தனை பொரிந்தது, என்ன நிறம் என்று எழுதுங்கள். இறந்த குஞ்சையும் பொரியாத முட்டையையும்கூட எழுதுங்கள். குட்டைக்கால் கோழி வளர்ப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். குட்டைக்கால் ஓலை இரண்டும் சேர்ந்த கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்காலையும் குட்டைக்காலையும் சேர்த்தால் நாலில் ஒரு முட்டை பொரியாது. கூமுட்டை என்று நினைத்துத் தூக்கி எறிவோம், உடைத்துப் பார்த்தால் கரு இருந்தது தெரியும்.

நிறத்தை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். கருப்புக் குஞ்சுக்கு அடிவயிறு வெளுத்தும், முதல் இறகில் இறக்கை நுனி வெள்ளையாகவும் இருக்கும். பிறகு அந்த இறகு உதிர்ந்து கருப்பு வந்துவிடும். அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பதும் வேண்டாம். நிறம் சீக்கிரம் நிலைக்கும், ஆனால் முட்டையும் பொரிப்பும் குறைந்து, நோய் எதிர்க்கும் வலுவும் போய்விடும்.

ஒடுங்கு பண்பைச் சுமக்கிற சேவலைக் கண்டுபிடிக்கச் சோதனைச் சோடி என்று ஒரு வழி உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு கருப்புக் கோழிக்குப் பிறந்த வெள்ளைப் பெட்டை ஒன்று இருக்கிறது. கருப்புக்குக் கருப்பு சேர்ந்து வந்ததால் அவளிடம் இருப்பது ஒடுங்கு வெள்ளை, இரண்டு ஓலையும் அதுவே. சந்தேகமான கருப்புச் சேவலை அவளோடு விட வேண்டும். அவன் ஓலையைச் சுமந்தால் ஒவ்வொரு குஞ்சும் வெள்ளையாக வரப் பாதி வாய்ப்பு. ஒரு வெள்ளை வந்தாலும் தெரிந்துவிடும். அவன் சுமந்தும் தொடர்ந்து ஏழு குஞ்சு நிறத்தோடு வருவதற்கு 128இல் ஒரு வாய்ப்புதான். ஏழும் கருப்பு என்றால் அவனை நம்பலாம்.

திருமங்கலம் சந்தையில் வாங்கிய கருப்புச் சேவல் ஒன்றை இப்போது அவளோடு விட்டிருக்கிறேன். முதல் ஈட்டில் நான்கு குஞ்சு, நான்கும் கருப்பு. இரண்டாம் ஈட்டு ஒன்பது முட்டை அடையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமையோடு 21 நாள். பஞ்சாரத்தைத் தூக்கும்போது தன்னையும் கூப்பிட வேண்டும் என்று மதினி சொல்லியிருக்கிறார்.